பன்றி தின்னாதவர் மூளையில் பன்றிப் புழு

நியூ கினி தீவின் மேற்குப் பாதி இந்தோனேசியாவின் ஆளுகையில் இருக்கிறது. அதன் நடுமலைகளில், சுமார் 1,700 மீட்டர் உயரத்தில், பானியாய் என்றொரு ஏரி. 1970-களின் தொடக்கத்தில் அந்த ஏரிக்கரையிலுள்ள எனரோத்தாலி என்ற ஊரின் மருத்துவமனைக்குத் தீக்காயங்களோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கை கருகியவர்கள், கால் கருகியவர்கள், முகம் வெந்தவர்கள். அவர்கள் எக்காரி என்ற மலையின மக்கள். மலைக்குளிருக்குக் குடிசையின் நடுவே நெருப்பு மூட்டி, அதைச் சுற்றிப் படுத்துத் தூங்குவது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். நெருப்புக்கு எவ்வளவு தள்ளிப் படுக்கவேண்டும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். பிறகு எப்படித் திடீரென்று இத்தனை பேர் தீயில் விழுந்தார்கள்? இன்னொரு விசித்திரமும் இருந்தது. விழுந்தவர்கள் சூடு பட்டதும் துள்ளி விலகவில்லை. அப்படியே கிடந்து வெந்திருக்கிறார்கள்.

அவர்களுக்கு உறக்கத்தில் வலிப்பு வந்திருந்தது. நினைவு தப்பிய உடலுக்குச் சூடு தெரியாது.

அந்த மலைகளில் அதற்கு முன் இப்படியொரு வலிப்பு அலை வந்ததில்லை. மருத்துவர்கள் பின்னோக்கித் தேடியபோது ஒரு அன்பளிப்பு அகப்பட்டது. 1971-ஐ ஒட்டி, இந்தோனேசிய அரசு இந்த மக்களுக்குப் பாலித் தீவிலிருந்து பன்றிகளைக் கொடுத்திருந்தது. எக்காரி மக்களுக்குப் பன்றி என்றால் செல்வம், கல்யாணம், சமாதானம் எல்லாம்தான். அதனால் அரசியல் கணக்கில் அது பொருத்தமான பரிசு. ஆனால் பாலியில் பன்றி நாடாப்புழு நெடுங்காலமாக இருந்தது, இந்த மலைகளில் இல்லை. பன்றிகளோடு புழுவும் ஏறி வந்துவிட்டது. 1978-இல் வெளியான மருத்துவக் கட்டுரைகள் இந்தத் தீக்காயங்களையும் பன்றிகளையும் ஒரே நூலில் கோத்துக் காட்டின. ஒரு நோய் ஒரு நிலத்துக்குள் முதன்முறையாக நுழைவதை இவ்வளவு துல்லியமாகப் பார்க்க மருத்துவ உலகுக்கு அரிதாகவே வாய்க்கிறது.

டீனியா சோலியம் என்ற இந்தப் புழு வாழ இரண்டு உடல்கள் வேண்டும். மனிதக் குடலில் அது நாடா வடிவில் இரண்டு முதல் நான்கு மீட்டர் வரை வளர்கிறது. வால் பக்கத்துக் கண்ணிகள் முட்டையால் நிறைந்து, ஒவ்வொன்றாகக் கழன்று மலத்தோடு வெளியேறும். ஒரு கண்ணியில் ஐம்பதாயிரம் முட்டைகள் வரை இருக்கும். திறந்த வெளியில் கிடக்கும் மலத்தைப் பன்றி தின்கிறது. முட்டைக்குள்ளிருந்து வெளிவரும் கரு, பன்றியின் குடற்சுவரைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி, தசைக்குப் போய், வேகவைத்த ஜவ்வரிசி போன்ற நீர்க்கட்டியாகத் தங்குகிறது. அந்த இறைச்சியை அரைவேக்காட்டில் தின்னும் மனிதரின் குடலில் கட்டி விரிந்து மறுபடி நாடாப்புழுவாகிறது.

பன்றித் தசையிலுள்ள கட்டியை அரிஸ்டாட்டிலே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அந்தக் கட்டியும் மனிதக் குடலின் நாடாவும் ஒரே உயிரின் இரண்டு பருவங்கள் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான் உறுதியானது. உறுதிசெய்த விதம் இன்றைக்கு வாசித்தாலும் குமட்டும். ஃபிரீட்ரிஷ் கியூகன்மைஸ்டர் என்ற ஜெர்மன் மருத்துவர், மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒரு கைதியின் சூப்பிலும் தொத்திறைச்சியிலும் பன்றிக் கட்டிகளை அவருக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கச் செய்தார். தண்டனை நிறைவேறியதும் உடலைத் திறந்து பார்த்தார். குடலில் இளம் நாடாப்புழுக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. 1855-இல் இதை வெளியிட்டார். அறிவியலாகச் சரி, அறமாகப் படுமோசம்.

இதுவரை சொன்ன சுழற்சியில் மூளை வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பன்றிக்கறி தின்றவருக்குக் கிடைப்பது குடற்புழு மட்டும்தான். பெரும்பாலும் அவருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. சிலருக்கு லேசான வயிற்று உபாதை, அவ்வளவே. மூளைக்குப் போவது முட்டை. அதாவது, குடலில் புழு உள்ள ஒருவரின் மலம், கழுவாத கை வழியாகவோ தண்ணீர் வழியாகவோ பச்சைக் காய்கறி வழியாகவோ இன்னொருவர் வாய்க்கோ அவருடைய வாய்க்கேயோ போகவேண்டும். விழுங்கியது பன்றியா மனிதரா என்று முட்டை பார்ப்பதில்லை. குடற்சுவரைத் துளைக்கிறது, ரத்தத்தில் ஏறுகிறது, தசைக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் போய்த் தங்குகிறது. மனித மூளையில் சிக்கிய கட்டிக்கு மேற்கொண்டு வழியில்லை. புழுவின் கணக்கில் அது வழி தவறிப் போன பயணம். நம் கணக்கில் அதன் பெயர் நியூரோசிஸ்டிசெர்கோசிஸ்.

'நாங்கள் சுத்த சைவம், எங்களுக்கு எப்படி?' என்று ஸ்கேன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் குடும்பங்களுக்கு நரம்பியல் மருத்துவர்கள் திரும்பத் திரும்ப விளக்குவது இதைத்தான். இதற்கு மருத்துவ இலக்கியத்தில் ஒரு பெயர்பெற்ற சான்று உண்டு. 1990, 1991 ஆண்டுகளில் நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில், வைதிக யூத சமூகத்தைச் சேர்ந்த, ஒருவருக்கொருவர் உறவில்லாத நால்வருக்கு வலிப்பு வந்தது. மூளையில் இந்தக் கட்டிகள். பன்றிக்கறி அவர்கள் மதத்தில் விலக்கு. வீட்டுப் பக்கமே வராது. விசாரித்தபோது, இந்நோய் பரவலாக உள்ள லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து புதிதாகக் குடியேறி, இந்த வீடுகளில் வேலை பார்த்த பெண்களே தொற்றின் மூலமாக இருக்கக்கூடும் என்று தெரிந்தது. அவர்களில் ஒருவரின் குடலில் புழுவின் அறிகுறி இருந்தது.

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் முகம் சமையலறைப் பக்கம் திரும்புவதைப் பார்க்கலாம். அது தவறான திசை. அந்தப் பெண்ணுக்குத் தன் குடலில் புழு இருப்பது தெரியாது. தெரிந்துகொள்ள அவரை யாரும் சோதித்ததில்லை. ஒரு வேளை மாத்திரையில் தீர்ந்துபோகிற தொற்று அது.

முட்டைக்கோஸில் இருக்கும் புழு மூளைக்குப் போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இலைக்குள் நெளிவது ஏதோ ஒரு பூச்சியின் கம்பளிப்புழு. மூளைக்குப் போகும் முட்டை கண்ணுக்கே தெரியாது. அதன் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்குதான். அதனால் இலையை உதறிப் புழு இருக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை, நன்றாகக் கழுவுவதிலும் வேகவைப்பதிலும்தான் பயன்.

மூளைக்குள் போன கட்டி என்ன செய்கிறது? நெடுங்காலம் எதுவுமே செய்வதில்லை. ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்து, உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கி, ஓசைப்படாமல் இருக்கிறது. வருடக்கணக்கில் இப்படி இருக்கலாம். தொல்லை தொடங்குவது அது சாகும்போது. உயிரோடு இருந்தவரை அது போட்டுவைத்திருந்த தடுப்புகள் தளர்கின்றன. உடல் அப்போதுதான் அந்நியனைக் கண்டுகொண்டு பாய்கிறது. சுற்றியுள்ள மூளைத்திசு வீங்குகிறது, வலிப்பு வருகிறது. ஆகவே பலருக்கு நோய் என்பது புழு செய்வதைவிட, செத்துக்கொண்டிருக்கும் புழுவின் மேல் நம் உடல் நடத்தும் தாக்குதல். கடைசியில் அந்த இடத்தில் சுண்ணாம்பு படிந்த ஒரு புள்ளி மிஞ்சும். சிலருக்கு அந்தப் புள்ளியே மேலும் பல ஆண்டுகள் வலிப்பைத் தூண்டிக்கொண்டிருக்கும்.

சிகிச்சையில் மருத்துவர்கள் தயங்குவதற்குக் காரணமும் இதுவே. ஆல்பெண்டசோல், பிராசிகுவாண்டெல் ஆகிய மருந்துகள் கட்டியைக் கொல்லும். ஆனால் கட்டிகள் பல இருக்கும் மூளையில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொன்றால் வீக்கமே ஆளைக் கொன்றுவிடக்கூடும். அதனால் ஸ்டீராய்டு கொடுத்து வீக்கத்துக்கு முதலில் அணை போடுகிறார்கள். கண்ணுக்குள் கட்டி இருக்கிறதா என்றும் முன்கூட்டியே பார்த்துவிடுகிறார்கள், இல்லாவிட்டால் பார்வை போய்விடும். மூளையைச் சுற்றிய நீர்ப்பாதையில் அடைத்துக்கொள்ளும் கட்டிகள் தனி வகை, மிக ஆபத்தானவை. அவற்றுக்கு அறுவை சிகிச்சை வரை போகவேண்டிவரும்.

முட்டையை விழுங்கியதிலிருந்து முதல் வலிப்பு வரை எத்தனை காலம்? தினமும் தொற்று கிடைக்கக்கூடிய ஊரில் இதை அளக்க முடியாது, எந்த நாள் எந்த முட்டை என்று யார் சொல்வது? அளக்க உதவியவர்கள் இந்தியாவில் பணியாற்றிவிட்டு இங்கிலாந்து திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்கள். 1930-களில் லண்டன் மில்பேங்க் ராணுவ மருத்துவமனையில் வில்லியம் மக்கார்தர் என்ற ராணுவ மருத்துவர், காரணம் தெரியாத வலிப்பு என்று ஒதுக்கப்பட்டுக்கொண்டிருந்த சிப்பாய்களைக் கூர்ந்து பார்த்தார். எக்ஸ்ரேயில் அவர்கள் தொடைத் தசைகளில் சுண்ணாம்பு படிந்த கட்டிகள் தெரிந்தன. அதே கட்டிகள்தான் மூளையிலும். இங்கிலாந்தில் அவர்களுக்குப் புதிதாகத் தொற்ற வாய்ப்பில்லை. கப்பலேறிய தேதி ராணுவப் பதிவேட்டில் இருக்கிறது. 1961-இல் டிக்சன், லிப்ஸ்கோம் இருவரும் இப்படிப்பட்ட 450 பேரின் வரலாற்றைத் தொகுத்து வெளியிட்டார்கள். பலருக்குச் சில ஆண்டுகளிலேயே வலிப்பு தொடங்கியிருந்தது, சிலருக்கு இருபது முப்பது ஆண்டுகள் கழித்து. சிப்பாய்களைத் தேடிப் பிடித்த அதே காலத்தில், அதே பாளையங்களைச் சுற்றி வாழ்ந்த இந்தியர்களுக்கு எத்தனை வலிப்பு என்று யாரும் எண்ணவில்லை.

எண்ணத் தொடங்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்குள் நம் ஊரில் வேறொரு குழப்பம் தீரவேண்டியிருந்தது.

1980-களில் இந்திய மருத்துவமனைகளுக்கு சி.டி. ஸ்கேன் வரத் தொடங்கியது. இளைஞர் ஒருவருக்கோ பள்ளிப் பிள்ளைக்கோ திடீரென்று ஃபிட்ஸ். ஸ்கேனில் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான, வளையம் போட்ட ஒற்றைப் புள்ளி. இந்தியாவில் மூளையில் சிறு கட்டி என்றால் காசநோய்தான் முதலில் நினைவுக்கு வரும். காசநோய் மருந்து பல மாதங்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. சில மாதங்களில் அடுத்த ஸ்கேனில் புள்ளி மறைந்தும் போனது. மருந்து வேலை செய்தது என்று எல்லோரும் நம்பினார்கள். நம்பாமலிருக்கக் காரணமில்லையே! ஆனால் காசநோய் மருந்து சாப்பிடாதவர்களுக்கும் அது மறைந்தது. அப்படியானால் அது என்ன?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949 முதலே நரம்பறுவைத் துறை இயங்கிவந்தது. அங்கே மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலான மருத்துவர்கள், ஊகிப்பதை விட்டுவிட்டு, அந்தப் புள்ளிகளை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தார்கள். பெரும்பாலானவற்றில் இருந்தது காசநோய் இல்லை, செத்துக்கொண்டிருந்த புழு. 1989, 1991 ஆண்டுகளில் வெளியான அவர்களுடைய கட்டுரைகள் இந்திய நரம்பியலின் நடைமுறையையே மாற்றின. அடுத்து அவர்கள் செய்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. மண்டையைத் திறக்காமலேயே புழுவையும் காசநோயையும் பிரித்தறிய எளிய அளவுகோல்களை வகுத்தார்கள். கட்டி 20 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா, மூளையை ஒரு பக்கம் தள்ளாமல் இருக்கிறதா, கை கால் பலவீனம் கூடிக்கொண்டே போகாமல் இருக்கிறதா, உடலில் வேறெங்கும் நோய் இல்லையா? எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்றால் வலிப்பு மருந்து கொடுத்துக் காத்திருக்கலாம், புள்ளி தானே மறையும். மாதக்கணக்கில் காசநோய் மருந்தும் தேவையற்ற அறுவையும் இதனால் எத்தனையோ பேருக்கு மிச்சமாயின.

லத்தீன் அமெரிக்காவில் பல கட்டிகளோடு வரும் நோயாளிகள் அதிகம். இந்தியாவில் ஒற்றைப் புள்ளியோடு வருபவர்களே பெரும்பான்மை. அதனால் தனித்தனியாகப் பார்த்தால் நம் நோயாளிகளில் பலருக்கு நோய் நல்லபடியாகவே முடிகிறது. ஊர்க்கணக்காகப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். வேலூர் மாவட்டத்தில் நகரமும் கிராமமுமாக சுமார் 50,000 பேரை வீடு வீடாகச் சென்று விசாரித்து, வலிப்பு உள்ளவர்களைக் கண்டறிந்து, ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்த ஆய்வு 2006-இல் வெளியானது. ஆயிரத்துக்கு நான்கு பேர் அளவில் வலிப்பு நோயோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் காரணம் இந்தப் புழு. வந்திருக்கவே வேண்டாத வலிப்பு அது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கும் இதையொட்டியே இருக்கிறது. புழு பரவியுள்ள நாடுகளில் வலிப்பு நோயாளிகளில் 30 விழுக்காட்டினருக்கு இதுவே காரணம். சில சமூகங்களில் இது 70 விழுக்காடு வரை போகிறது. உலகில் சுமார் 25 லட்சம் முதல் 83 லட்சம் பேர் வரை மூளையில் இந்தக் கட்டியோடு இருப்பதாக அந்நிறுவனம் மதிப்பிடுகிறது. இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பாருங்கள். ஸ்கேன் வசதி இல்லாத இடங்களில்தான் நோய் மிகுதி, ஸ்கேன் இல்லாமல் நோயை உறுதிசெய்ய முடியாது. உணவு வழி பரவும் நோய்களால் மனிதகுலம் இழக்கும் நலமான ஆண்டுகளை அதே நிறுவனம் 2015-இல் கணக்கிட்டபோது, ஒட்டுண்ணிகளிலேயே அதிக இழப்பை உண்டாக்குவது இந்தப் புழுதான் என்று தெரிந்தது: ஆண்டுக்கு 28 லட்சம் ஆண்டுகள்.

கல்யாணம் அந்தக் கணக்கில் வராது. இந்துத் திருமணச் சட்டத்தில் 1976-இல் செய்த திருத்தம், திரும்பத் திரும்ப வலிப்பு வருபவரைத் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்ற வரிசையில் வைத்தது. 1999-இல்தான் அந்தச் சொல் நீக்கப்பட்டது. சட்டத்திலிருந்து போனது பெண் பார்க்க வருபவர்கள் மனத்திலிருந்து போகவில்லை. ஃபிட்ஸ் மாத்திரையை மாமியார் வீட்டில் ஒளித்து விழுங்கும் பெண்களும், மாட்டிக்கொள்ளப் பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டு அடுப்படியில் விழும் பெண்களும் நரம்பியல் புறநோயாளிப் பிரிவுகளுக்குப் புதியவர்கள் இல்லை. வலிப்பு கண்டவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது இன்னும் நின்றபாடில்லை. ஏழை நாடுகளில் வலிப்பு உள்ளவர்களில் நான்கில் மூவர் உரிய மருந்து இல்லாமல் இருக்கிறார்கள். அந்த மருந்துகளில் பழையவை மிக மலிவு.

2024-இல் கேரளத்தில் நெக்ளீரியா அமீபா தாக்கிச் சிறார்கள் இறந்தபோது, மூளை தின்னும் அமீபா என்று தமிழ்த் தொலைக்காட்சிகள் நாள் முழுக்கக் காட்டின. அந்த அமீபா தொற்றினால் பிழைப்பது அரிது, பயம் நியாயமானதே. ஆனால் மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணிகளில் செய்தியாவது நாட்களில் கொல்பவை. வருடக்கணக்கில் ஒரு ஆளை வேலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் மெல்ல வெளியேற்றுவது செய்தியாவதில்லை. செய்தியாகாதது பட்ஜெட்டிலும் வருவதில்லை.

இத்தனைக்கும் இது ஒழிக்க முடியாத நோய் இல்லை. 1993-இலேயே நோய் ஒழிப்புக்கான பன்னாட்டு நிபுணர் குழு, உலகிலிருந்து ஒழிக்கத்தக்கவை என்று ஆறு நோய்களைக் குறிப்பிட்டது. போலியோ, கினிப்புழு ஆகியவற்றோடு இதுவும் அந்தப் பட்டியலில் இருந்தது. கழிப்பறையும் இறைச்சிச் சோதனையும் பன்றியைக் கொட்டிலில் அடைத்து வளர்ப்பதும் வந்தபின் மேற்கு ஐரோப்பாவில் இந்தப் புழு தானாகவே அருகிப்போனது. அங்கே அதற்கு எதிராக யாரும் தனியாகப் போர் தொடுக்கவில்லை. அந்த அளவு செல்வம் வரும்வரை மற்றவர்கள் காத்திருக்கவேண்டுமா என்பதுதான் கேள்வி.

வேண்டாம் என்று காட்டியது பெரு நாட்டின் வடகோடியிலுள்ள தும்பெஸ் பகுதி. எக்டர் கார்சியா தலைமையிலான குழு 2004 முதல் 2010 வரை அங்கே பல வழிமுறைகளைச் சோதித்தது. இறுதிக் கட்டத்தில் 107 கிராமங்கள், 81,170 மனிதர்கள், 55,638 பன்றிகள். மனிதர்களுக்கு நிக்ளோசமைடு, பன்றிகளுக்கு ஆக்ஸ்ஃபெண்டசோல், கூடவே தடுப்பூசி. நிக்ளோசமைடைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அது குடலை விட்டு ரத்தத்தில் ஏறாது. பிராசிகுவாண்டெல் ஏறும். மூளையில் தூங்கும் கட்டியோடு தெரியாமல் நடமாடும் ஒருவருக்கு அதைக் கொடுத்தால், கட்டி கலைந்து அன்றைக்கே வலிப்பு வரலாம். 107 கிராமங்களில் 105-இல் பரவல் நின்றது, ஓராண்டு கழித்தும் திரும்பவில்லை. முடிவுகள் 2016-இல் வெளியாயின.

பன்றித் தடுப்பூசிக்கு ஹைதராபாத் தொடர்பு ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் மார்ஷல் லைட்டவ்லர்ஸ் குழு உருவாக்கியதை இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ் நிறுவனம் சிஸ்வாக்ஸ் என்ற பெயரில் தயாரிக்கிறது. நன்றாக வேலை செய்யும் ஊசி. ஆனால் பன்றி வளர்ப்பவர் அதை ஏன் வாங்கவேண்டும்? இந்தக் கட்டியால் பன்றிக்கு நோய் தெரிவதில்லை, எடை குறைவதில்லை. வியாபாரி நாக்கைத் தடவிப் பார்த்துக் கட்டி தட்டுப்பட்டால்தான் விலை விழும். அப்படிப்பட்ட பன்றி இறைச்சிக்கூடத்துக்குப் போகாமல் மறைவாக அறுபட்டு விற்கப்படும், பெருவில் இது ஊரறிந்த ரகசியம். ஊசி போடும் செலவு ஒருவருக்கு. பலன் பல ஆண்டுகள் கழித்து, அவருக்கு முகமே தெரியாத ஒருவரின் மூளைக்கு.

அரசாங்கத்துக்குள்ளும் இதே சிக்கல்தான். வலிப்பு நோயாளி சுகாதாரத் துறைக்கு, பன்றி கால்நடைத் துறைக்கு, கழிப்பறை உள்ளாட்சிக்கு. குடலில் புழு உள்ளவர் எந்தத் துறைக்கும் இல்லை, அவர் நோயாளியே இல்லையே. தமிழ்நாட்டில் பன்றி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ஊரின் விளிம்புக்குத் தள்ளப்பட்ட எளியவர்கள். பன்றி பிடிக்க அவர்கள் தெருவுக்கு நகராட்சி வண்டி வரும். ஊசி போட வராது.

தும்பெஸ் போல எல்லோருக்கும் மருந்து கொடுப்பது பெரும் செலவு என்பது உண்மைதான். அதனால் பெருவிலேயே மலிவான ஒரு வழியையும் சோதித்திருக்கிறார்கள். ஊரிலுள்ள பன்றிகளின் நாக்கைத் தடவிப் பார்க்கிறார்கள். ஒன்றிரண்டு கட்டி உள்ள பன்றி இந்தச் சோதனையில் தப்பிவிடும். உடம்பெல்லாம் கட்டி உள்ள பன்றி பெரும்பாலும் தப்பாது. அவ்வளவு கட்டி இருக்கவேண்டுமானால் அது முட்டைகளை மொத்தமாக விழுங்கியிருக்கவேண்டும். அப்படியென்றால் குடலில் புழு உள்ள மனிதர் அதன் அருகிலேயே வசிக்கிறார் என்று பொருள். பன்றி நிற்கும் வீட்டிலிருந்து நூறு மீட்டர் தொலைவுக்குள் இருக்கும் வீடுகளில் மட்டும் சோதனையும் மாத்திரையும் கொடுத்தால் போதும். மற்ற தெருக்களுக்கு அன்றைக்குப் போகவேண்டியதில்லை.